உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் ஐந்து நாள்

(நம் சங்கத்தின் நூலகக் குழு கிளப் ஹவுஸில் நடத்திய மாதாந்திரச் சந்திப்பில், ‘ஏ’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி முழுமையாக வெளியிடுகிறோம்.)



தலைவர் சார் என்னிடம் கேட்டது “ஸ்காட்லாந்து பயண அனுபவம், பதினைந்து நிமிஷம்” என்றுதான். கோட்டை, ஏரி, மலை, செம்மறியாடு எல்லாம் என் மனைவியின் போனில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வீட்டுக்கு வரலாம், காபியும் உண்டு. நான் பேசப்போவது அந்தப் பயணத்தில் ஐந்தே ஐந்து நாளைப் பற்றி. 2024 ஆகஸ்ட் 8 முதல் 12 வரை கிளாஸ்கோ நகரத்தில் உலக விஞ்ஞானக் கதை மாநாடு நடந்தது. சுருக்கமாக வேர்ல்ட்கான் என்று சொல்வார்கள். மகள் எடின்பரோவில் இருப்பதால் அந்தச் சமயத்தில் நாங்கள் அங்கே இருந்தோம். ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பார்த்தேன். பச்சைச் சாயம் பூசிக்கொண்டு, காதை நீட்டி ஒட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்களே, அதுதானே என்று கேட்கத் தோன்றும். வேஷம் போட்டவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சினிமா நடிகர் வந்து கையெழுத்துப் போடுவதற்குக் காசு வாங்கும் கூட்டம் வேறு, இது வேறு. இது வாசகர்கள் கூடும் மாநாடு. 1939ஆம் வருஷம் நியூயார்க்கில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைப் படிக்கும் பையன்கள் ஏறக்குறைய இருநூறு பேர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். பக்கத்தில் உலகப் பொருட்காட்சி நடந்ததால் இதற்கும் ‘உலக’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யுத்தத்தால் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டிருக்கிறது. கிளாஸ்கோவுக்கே இது மூன்றாவது முறை. முன்பு 1995, 2005.

நம் சங்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அங்கே பணம் கட்டிச் சேருகிறவரைப் பார்வையாளர் என்று சொல்லமாட்டார்கள்.  உறுப்பினர் கட்டணம்தான். கட்டினால் ஓட்டுரிமை உண்டு. அந்த வருஷத்தின் சிறந்த நாவல் எது, சிறுகதை எது என்று ஓட்டுப் போடலாம், அதுதான் ஹியூகோ விருது. இன்னும் இரண்டு வருஷம் கழித்து மாநாடு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதையும் ஓட்டுப் போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். விதிகளை மாற்றும் பொதுக்குழுவில் எழுந்து பேசலாம். தலைமைப் பொறுப்பாளரிலிருந்து வாசலில் வழி காட்டும் ஆள் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. கிளாஸ்கோவுக்கு நேரில் வந்தவர்கள் ஏழாயிரம் பேர் அளவில். அத்தனை பேருக்கும் அறை ஒதுக்கி, மைக் வைத்து, சக்கர நாற்காலிக்கு இடம் விட்டு, வரிசையை ஒழுங்குபடுத்தி, தொலைந்துபோன குடையைத் தேடிக் கொடுத்தது முழுக்க லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். நம் பொங்கல் விழாவுக்கு நாற்காலி போடக் கூப்பிட்டால் எத்தனை பேர் வருகிறோம் என்பது செயலாளர் சாருக்குத் தெரியும்.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். என் வயதுக்காரர்களுக்குப் பதில் தெரியும், சுஜாதா. ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது, ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்கு இந்த வாரம் என்ன ஆகும் என்று சப்-ஸ்டேஷன் நைட் ஷிஃப்டில் நாங்கள் நாலு பேர் ஒரே பத்திரிகையை மாற்றி மாற்றிப் படித்தோம். பிறகு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அசிமோவ், கிளார்க். முப்பது நாற்பது வருஷமாக இதையெல்லாம் நான் தனியாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை. ஆபீசில் சொன்னால் “பேய்க்கதையா சார்?” என்பார்கள். ஒரு கதையைப் படித்து முடித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர்களுக்குத்தான் நான் சொல்லவருவது புரியும்.

மாநாட்டு வளாகம் கிளைட் ஆற்றங்கரையில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து மழையில் நனையாமல் வர ஒரு நீளமான மூடிய நடைபாதை. ஆகஸ்டிலும் அங்கே மழை உண்டு, நம் கோடை மனிதர்கள் ஸ்வெட்டரோடுதான் போக வேண்டும். வளாகத்தில் ஓடு ஓடாக அடுக்கிய மாதிரி ஒரு அரங்கம் நிற்கிறது. நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் வடிவமைத்து 1997இல் திறந்தது, மூவாயிரம் பேர் உட்காரலாம். நம் ஊர் அழுங்கைப் போல உடம்பில் கவசம் உள்ள அர்மடில்லோ என்ற பிராணியின் பெயரைச் சொல்லித்தான் ஊர்க்காரர்கள் அதைக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கால் வலி. அறுபத்தெட்டு வயது முழங்கால் ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் அடி நடந்தால் ராத்திரி என்ன சொல்லும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்தது, ஒரே நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட அறைகளில் நிகழ்ச்சி. ஒரு அறையில் செவ்வாய்க்கிரகத்து மண்ணில் பயிர் வளருமா என்று தாவரவியல் தெரிந்தவர்கள் பேசுவார்கள், அதே மணிக்கு எதிர் அறையில் மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மாடியில் நாம் கல்லூரி நாளில் படித்த எழுத்தாளர் தன் புதுக் கதையை வாசிப்பார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இரண்டும் போச்சு. கல்யாண சீசனில் ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை வந்தால் குடும்பத்தைப் பிரித்து அனுப்புவோமே, அங்கே பிரித்து அனுப்ப ஆளில்லை, நான் ஒருவன்தான். பல நிகழ்ச்சிகளை உறுப்பினர்கள் பிறகு இணையத்தில் பதிவாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள், அது பெரிய உபகாரம். ஆனாலும் அங்கே போயும் பதிவில் பார்ப்பது என்பது கோயிலுக்குப் போய்விட்டு வெளியே டிவியில் அபிஷேகம் பார்க்கிற கதைதான்.

பிறகு வரிசை. எந்தப் பெரிய மாநாட்டுக்கும் இதுதான் தலையெழுத்து. தீ விபத்துப் பாதுகாப்பு விதிப்படி எத்தனை நாற்காலியோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி, சுவரோரம் நிற்கவும் கூடாது. 2017இல் ஹெல்சிங்கியில் நடந்தபோது எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஆட்கள் வந்து, முதல் நாளே அறைகள் போதாமல் போய், அவசரமாகக் கூடுதல் இடம் பிடித்தார்கள் என்று பழைய ஆட்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். நானும் ஒரு முறை நாற்பது நிமிஷம் நின்று, எனக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது “அறை நிறைந்துவிட்டது, மன்னிக்கவும்” என்று கேட்டேன். சொன்ன தன்னார்வலர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஆறுதல் சொல்வதா, அவனுக்கு நான் ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், அந்த ஐந்து நாளில் எனக்குக் கிடைத்த நல்ல பேச்செல்லாம் வரிசையில்தான் கிடைத்தது. பக்கத்தில் நிற்பவரிடம் “கடைசியாக என்ன படித்தீர்கள்?” என்று கேட்டால் போதும். அங்கே வேறு அறிமுகமே தேவையில்லை. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், பிள்ளைகள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கம்பளி பின்னிக்கொண்டே நின்ற ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், 1995 மாநாட்டுக்கும் வந்தவர். அப்போது கணவரோடு வந்தாராம், இப்போது தனியாக. அவரும் நானும் கிளார்க்கின் ‘ராமாவுடன் சந்திப்பு’ நாவலின் முடிவைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டோம். கிளார்க் கொழும்பில்தான் வாழ்ந்தார், எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரம் என்று நான் சொன்னதும் அவருக்கு என்மேல் ஒரு மரியாதை வந்தது. நான் ஏதோ கிளார்க்கின் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. மறுக்காமல் விட்டுவிட்டேன்.

விற்பனைக் கூடம் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசினால் என் மனைவி இங்கேயே எழுந்து பதில் சொல்வார். 23 கிலோ கணக்கில் எட்டு கிலோ புத்தகம் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். சாப்பாடும் அப்படித்தான். சைவம் என்றால் ரொட்டிக்கு நடுவே சீஸ். மூன்றாம் நாள் மகள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தாள். தின்றது படிக்கட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் விண்வெளி வீரர் உடையில் ஒருவர் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

நம் சங்கத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் நான் தவறாமல் போனது பொதுக்குழுவுக்கு. மற்றவர்கள் எழுத்தாளர்களைப் பார்க்க ஓடும்போது, நூற்றுக்கணக்கான பேர் காலையில் உட்கார்ந்து விதி எண், உட்பிரிவு, திருத்தத்துக்குத் திருத்தம் என்று வாதாடுகிறார்கள். 1876இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ராபர்ட் என்பவர் கூட்டம் நடத்தும் முறையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், அதுதான் அங்கே வேதம். ஒருவர் பேச எழுந்தால் அவருக்கு இத்தனை நிமிஷம்தான், கடிகாரத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பார். கை தூக்குவதில் சந்தேகம் வந்தால், ஆதரிப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். வரிசை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக உட்கார வேண்டும். சபையே கண்ணால் பார்த்து எண்ணுகிற ஓட்டு. எண்ணி முடித்த பிறகு சண்டைக்கு இடமே இல்லை. விதியைத் திருத்த வேண்டுமானால் இந்த வருஷம் நிறைவேற்றினால் போதாது, அடுத்த வருஷம் வேறு ஊரில், வேறு ஆட்கள் கூடும் மாநாட்டிலும் நிறைவேற்ற வேண்டும். கோபத்தில் ஒரு கூட்டம் எடுத்த முடிவு, ஆறிய பிறகும் சரிதானா என்று பார்க்கத்தான் அது. லிஃப்ட் ஏஎம்சி விவகாரத்தில் நமக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால்... சரி, வேண்டாம்.

சலிப்பாகவும் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. ஒரு காற்புள்ளிக்கு இருபது நிமிஷம். ஆனால் அந்த வருஷம் அவர்கள் காற்புள்ளியில்கூடக் கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு.

முந்தைய வருஷம், 2023இல், மாநாடு சீனாவின் செங்டு நகரில் நடந்தது. ஆசியாவுக்கு அது வந்தது 2007இல் யோகோஹாமா, அதற்கப்புறம் செங்டு, அவ்வளவுதான். ஸாஹா ஹதீத் நிறுவனம் வடிவமைத்த புத்தம்புது அருங்காட்சியகத்தில் நடத்தினார்கள். சீன வாசகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விருது விழா முடிந்து, ஓட்டுக் கணக்கு 2024 ஜனவரியில்தான் வெளியானது. அதில் சில படைப்புகளுக்கு எதிரே ‘தகுதியற்றது’ என்று மட்டும் போட்டிருந்தது. ஏன் என்று ஒரு வரி கிடையாது. ஆர்.எஃப். குவாங் எழுதிய ‘பேபல்’ என்ற நாவல் அதில் ஒன்று. அது அதே வருஷம் நெபுலா விருது வாங்கிய நாவல். போதுமான வாசகர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள், ஆனாலும் பட்டியலுக்குள் வரவில்லை. பிறகு வெளிவந்த மின்னஞ்சல்களைப் பார்த்தால், விருது நிர்வாகத்தில் இருந்தவர்கள் சில எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் தோண்டிக் குறிப்பெடுத்திருக்கிறார்கள். அதில் மேற்கத்திய நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ‘சீனா என்றால் அப்படித்தான்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதில் அதிகம் அடிபட்டது யார் என்றால், ஆசையாக ஓட்டுப் போட்ட சீன வாசகர்கள்தான். அவர்கள் ஓட்டும் சேர்ந்துதான் காணாமல் போனது.

எழுபது வருஷப் பெயர் ஒரே ராத்திரியில் சந்திக்கு வந்துவிட்டது. இப்போது கிளாஸ்கோ என்ன செய்யும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘ஒரு படைப்பு தகுதியற்றது என்றால் காரணத்தோடு வெளியிடுவோம்’ என்று அவர்கள் முன்கூட்டியே அறிவித்தார்கள். சொன்னதற்குச் சோதனையும் சீக்கிரமே வந்தது. இறுதிச் சுற்றில் விழுந்த ஓட்டு 3,813. அதில் 377 ஓட்டு கள்ள ஓட்டு என்று கண்டுபிடித்து ஜூலையிலேயே, விழாவுக்கு முன்னாலேயே, அறிவித்துவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பெயரில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் வரிசையாக மாற்றி உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் சிலர் பெயரே அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பு. நம் ஊரில் வாக்காளர் பட்டியலில் பார்க்காததா! உறுப்பினர் கட்டணத்தை ஒருவர் மொத்தமாகக் கட்டி, சொன்னபடி ஓட்டுப் போட்டதற்கு அத்தாட்சி காட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது என்று ஒரு தகவலும் வந்ததாகச் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து செய்ததுதான். அந்த 377 ஓட்டில் பல ஒரே ஒரு போட்டியாளருக்குச் சாதகமானவை. ஆனால் அவருக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி, அவரைப் போட்டியிலிருந்து நீக்கவில்லை, பெயரையும் வெளியிடவில்லை. ஓட்டுகளை மட்டும் கழித்துவிட்டு எண்ணினார்கள். அவர் ஜெயிக்கவில்லை. இவ்வளவும் சம்பளமில்லாத ஆட்கள் செய்தது. ‘எதற்கு வம்பு, விழா முடியட்டும்’ என்று மூடி மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போன வருஷத்துப் புண் ஆறாத சமயத்தில் ‘எங்களிடமும் திருட்டு நடந்தது’ என்று தாங்களாகவே எழுதிப் போட ஒரு தைரியம் வேண்டும். இந்தியாவில் ஓட்டு இயந்திரம் உருவான பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவரே எங்கள் தமிழ் விஞ்ஞானக் கதை ஆசிரியர்தான் என்று வரிசையில் நின்ற ஒரு ஜெர்மன்காரரிடம் சொன்னேன். அவர் நான் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார். அவர் நோட்டில் ‘சுஜாதா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓட்டுப் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், நம் தேர்தல் அதிகாரி குறித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு மட்டும் டிக் அடிப்பதில்லை. 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையில் ‘யாருக்கும் விருது இல்லை’ என்பதையும் ஒரு வேட்பாளர் போலச் சேர்க்கலாம். அது நம் நோட்டா மாதிரி பல்லில்லாதது இல்லை. அது ஜெயித்தால் அந்தப் பிரிவில் உண்மையிலேயே விருது கிடையாது. 2015இல் ஒரு கோஷ்டி பட்டியல் போட்டு ஓட்டைக் குவித்தபோது, ஐந்து பிரிவுகளில் வாசகர்கள் அதைத்தான் ஜெயிக்க வைத்தார்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. உலக மாநாடு என்று பெயர். இந்தியாவில் ஒரு தடவைகூட நடந்ததில்லை. ஏழாயிரம் பேரில் நம் முகங்களை நான் விரல் விட்டு எண்ணினேன், எண்ணியதில் பாதிப் பேர் லண்டன்காரர்கள். விமானக் கட்டணம், விசா, தங்கும் செலவு, உறுப்பினர் கட்டணம் எல்லாம் சேர்த்தால் மதுரையிலோ லாகோஸிலோ உட்கார்ந்து கதை எழுதும் ஒரு இளைஞருக்கு அது ஒரு வருஷச் சம்பளம். எனக்கு மகள் வீட்டில் படுக்கையும் சாப்பாடும் இருந்தது, அதனால் முடிந்தது. நம் பக்கத்து எழுத்துக்கு வாசல் மூடியிருக்கிறது என்று சொல்லமாட்டேன். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய நாவல் 2024இல் நெபுலா வாங்கியது, ஹியூகோ இறுதிப் பட்டியலிலும் இருந்தது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். தமிழில் எழுதினால் அங்கே யார் படிப்பார்கள்? சீன மொழியில் எழுதிய லியூ சிஷின் 2015இல் ஹியூகோ வாங்கினார் என்றால், கென் லியூ என்ற ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்ததால். சுஜாதாவுக்கு அப்படி ஒருவர் அவர் காலத்தில் கிடைத்திருந்தால் என்று அந்த மொழிபெயர்ப்பு அமர்வில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். ஆற்றாமைதான், வேறென்ன.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இதற்காகத்தான் தலைவரிடம் கூடுதலாக ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினேன்.

ஓட்டுப் போடும் உறுப்பினர்களுக்கு, போட்டியில் இருக்கும் படைப்புகளில் பெரும்பாலானவற்றை முன்னதாகவே மின்நூலாக அனுப்பிவிடுவார்கள். படித்துவிட்டு ஓட்டுப் போடு என்று அர்த்தம். அதை நான் இங்கே, நம் மொட்டை மாடியில் மே மாத ராத்திரிகளில் உட்கார்ந்து படித்தேன். அதில் நவோமி கிரிட்சர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் குறுநாவல் ஒன்று. பெயர் ‘சூரியன் இல்லாத வருஷம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் இல்லை, வேற்றுக்கிரக மனிதர் இல்லை. ஏதோ பேரழிவில் வானம் இருண்டுவிட்டது. கரண்ட் ஒழுங்காக வருவதில்லை, போன் வேலை செய்யவில்லை. ஒரு நகரத்தின் ஒரே ஒரு தெரு. அந்தத் தெருக்காரர்கள் வாட்ஸ்ஆப் போனதால், முனையில் ஒரு சின்னக் கொட்டகை போட்டு ‘எனக்கு இது வேண்டும், என்னிடம் இது இருக்கிறது’ என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவைக்கிறார்கள். தெருவில் ஒரு பெண்மணிக்கு நுரையீரல் நோய், ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் உயிர். ஜெனரேட்டருக்கு எரிபொருள் தீருகிறது. அந்தத் தெருவே சைக்கிள்களைச் சேர்த்து, முறை வைத்து மிதித்து, மின்சாரம் எடுத்து அவரைக் காப்பாற்றுகிறது. கதை அவ்வளவுதான்.

படித்து முடித்தபோது என்னால் உடனே கீழே இறங்கிவர முடியவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வாசலில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. ‘சி’ பிளாக் மூன்றாம் மாடியில் நம் மாமா ஆக்சிஜன் மெஷினில் இருந்தார். அவர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன். வீட்டு இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கியது. நம் ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் காரிடார் விளக்குக்கும் மட்டும்தான். வீடுகளுக்கு லைன் கிடையாது. மாமி டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். ‘டி’ பிளாக்கில் யாரிடமோ கோவிட் சமயத்தில் வாங்கிய சிலிண்டர் ஒன்று கிடந்தது ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. அது எப்படிக் கிடைத்தது? வாட்ச்மேன் தம்பிக்கு நினைவு வந்ததால். வேறு எந்த ஏற்பாட்டாலும் இல்லை.

நான் மின்சாரக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் மெஷின் 300 முதல் 350 வாட் இழுக்கும். சாதாரண மனிதர் விடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரும். அப்படியானால், நஷ்டத்தையும் சேர்த்தால், எந்த நேரமும் ஐந்தாறு பேர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் ஒரு பேட்டரியும் வேண்டும். அந்த அம்மாள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. ஒரு தெருவே மிதித்தால்தான் ஒரு ஆள் மூச்சு விட முடியும் என்பது கணக்குப்படியும் சரி.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த அழுங்கு அரங்கத்தில் விருது விழா. மகள் கூட வந்திருந்தாள். சிறந்த நாவலுக்கு எமிலி டெஷ் வாங்கினார், பள்ளிப் பிள்ளைகளுக்கு லத்தீனும் பண்டைய கிரேக்கமும் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். அது அப்புறம். குறுநாவல் பிரிவில் கவரைப் பிரித்து ‘சூரியன் இல்லாத வருஷம்’ என்று படித்தபோது அரங்கமே எழுந்து கை தட்டியது. நான் அந்தக் கதைக்கு முதலிடம் போட்டிருந்தேன். மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் என் ஓட்டு ஒன்று, நேர்மையாக எண்ணப்பட்ட ஒன்று. மகள் என்னைத் திரும்பிப் பார்த்து “ஏம்ப்பா அழறீங்க?” என்று கேட்டாள். அந்த டிசம்பர் ராத்திரியை அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அந்தக் கதையோடு சேர்த்து அன்று ரயிலில்தான் முழுதாகச் சொன்னேன்.

மழைக்காலம் வாசலில் நிற்கிறது. அதனால் மூன்று வேலை. கிளாஸ்கோவிலிருந்து வந்ததும் செயலாளர் சாரிடம் பேசி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம், செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. காகித நோட்டு, போனில் இல்லை. ஆக்சிஜன் மெஷின், நெபுலைசர், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய இன்சுலின், தனியாக இருக்கும் பெரியவர், யார் வீட்டில் எது என்று எழுதலாம். சொல்லக் கூச்சப்படுபவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும். பின்பக்கத்திலிருந்து, கொடுக்க என்ன இருக்கிறது என்று எழுதலாம். சிலிண்டர், பெரிய இன்வெர்ட்டர், எமர்ஜென்சி லைட், நர்ஸிங் தெரிந்தவர். நேற்று வரை முன்பக்கத்தில் ஒன்பது பெயர், பின்பக்கத்தில் நாலு. இரண்டாவது, ஒவ்வொரு பிளாக் தரைத்தளத்திலும் ஜெனரேட்டரிலிருந்து ஒரு பாயிண்ட் இழுக்க எஸ்டிமேட் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன், பொதுக்குழுவில் வரும். அன்றைக்கு யாரும் எழுந்து போகாமல், எண்ணிக்கையைச் சொல்லி உட்கார்ந்து ஓட்டுப் போடுங்கள். மூன்றாவது, அந்தக் கதையை நம் நூலகக் குழுவின் இளைஞர்கள் சுருக்கித் தமிழில் வாய்விட்டுச் சொல்லப்போகிறார்கள், அடுத்த சந்திப்பில்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். கிளாஸ்கோவுக்கு அடுத்த மாநாடு 2025இல் சியாட்டிலில், அதற்கடுத்தது 2026இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அனஹைமில். போவீர்களா என்று கேட்காதீர்கள், அதற்கு என் மனைவிதான் பதில் சொல்ல வேண்டும். சுண்டல் தயார் என்கிறார்கள்.